கொலஸ்ட்ரோல் குறைய வெந்தயத் தண்ணீர் குடித்தவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

உப்புவெளி வாசகி:
மாமியின் விஷயம் இன்னும் மனதை அரிக்கிறது. எல்லாரும் குடிக்கும் அதே ஊறவைத்த வெந்தயம்தான், கூடவே குறிஞ்சா இலைச் சுண்டல். கிளினிக்கில் ரிப்போர்ட்டைப் பார்த்த டொக்டர், "அம்மா, குளிசை ஒழுங்காப் போடுறீங்களோ?" என்றார். மாமி கைப்பையைத் திறந்து மேசையில் கொட்டினார். கொலஸ்ட்ரோலுக்கான அற்றோவாஸ்டட்டின் குளிசை போட்டுக் கொடுத்த கடதாசி உறைகள், ஒன்றுகூடப் பிரிக்கவில்லை. "இயற்கையா இறங்கும் எண்டு சொன்னவை, ஐயா." ஏற்கெனவே மாரடைப்பு வந்து, இதயக் குழாய் அடைபடாமல் இருக்க ஸ்டென்ட் வைத்தவர். எனக்குக் கை நடுங்கிவிட்டது.

கிண்ணியா:
வெந்தயத்தின் மேல் பழி போடாதீர்கள். வாப்பாவுக்கு எல்.டி.எல் என்ற கெட்ட கொலஸ்ட்ரோல் இறங்கியது, ரிப்போர்ட் என் கையில்தான் இருந்தது. அவர் குளிசையையும் விடவில்லை, பொரித்த இறைச்சியையும் குறைத்தார். உங்கள் மாமி குளிசையை விட்டதுதான் பிழை.

தம்பலகாமம்:
தம்பி, மூன்றையும் சேர்த்துச் செய்தால் எது குறைத்தது என்று எப்படிச் சொல்வது? மருந்துக்கடையில் நிற்கும் என்னிடம், "கொலஸ்ட்ரோலுக்குத் தாவர ஸ்டெரோல் கப்சியூல் தாங்கோ, குளிசையை நிப்பாட்டப்போறன்" என்று போன கிழமையும் ஒருவர் வந்தார். கொடுக்க மனம் வரவில்லை.

குடலுக்குள் வரும் கொலஸ்ட்ரோலில் பெரும்பங்கு சாப்பாட்டில் இருந்து வருவதில்லை, பித்தத்தோடு ஈரலில் இருந்து இறங்குவது. வெந்தயத்தின் கரையும் நார் கூழாகிப் பித்த அமிலத்தைப் பிடித்து வெளியே தள்ளும். புதுப் பித்த அமிலம் செய்ய ஈரல் இரத்தத்தில் இருக்கும் கொலஸ்ட்ரோலை இழுக்கும். தாவர ஸ்டெரோலின் வழி வேறு. உருவத்தில் கொலஸ்ட்ரோல் மாதிரியே இருப்பதால், குடலில் அதை ஏற்றிச் செல்லும் மைசெல் துளிகளில் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். நாளுக்கு 2 கிராம் எடுத்தால் எல்.டி.எல் சுமார் 8 முதல் 10 சதவீதம் குறையும். வழமையான சாப்பாட்டில் அவ்வளவு கிடைக்காது. குடல் கொலஸ்ட்ரோலை உறிஞ்சுவது குறைந்தால் ஈரல் தானே அதைக் கூடுதலாகச் செய்யத் தொடங்கும். அதைத் தடுப்பதுதான் ஸ்டட்டின், மாமியின் அற்றோவாஸ்டட்டின் அந்த வகைதான். இரண்டும் சேர்ந்து போகலாம், ஒன்றுக்குப் பதில் மற்றது ஆகாது.

இன்னொன்று. வெந்தயத்தையும் குளிசையையும் ஒன்றாக விழுங்க வேண்டாம், அந்தக் கூழ் மருந்து சேர்வதைப் பிந்தச் செய்யலாம். இரத்தம் உறையாமல் இருக்க வார்பரின் எடுப்பவர்கள் டொக்டரிடம் கேட்காமல் வெந்தயத்தைத் தொடவே கூடாது. வாசகி அக்கா, மாமிக்குச் சீனி வருத்தமும் உண்டோ? அதற்குக் குளிசை எடுத்தால் குறிஞ்சாவோடு சேர்ந்து சீனி அளவுக்கு மேல் இறங்கலாம்.

உப்புவெளி வாசகி:
சீனி இருக்கிறது. குறிஞ்சாவை டொக்டரிடம் சொல்லவே இல்லை. நாளைக்குக் கூட்டிப்போகிறேன்.