காடி சீட்டுக்கு அடியில பிஸ்டல் – தம்பி மாட்டுன கதை, உங்களுக்கும் அனுபவம் இருந்தா எழுதுங்க

பாகான்காரன்:
ரெண்டு வருஷமாச்சு, இப்பதான் எழுத மனசு வந்துச்சு. தம்பி ராத்திரி 1 மணிக்கு பினாங்கு பக்கம் பிறை டவுன்ல சாப்பிட்டுட்டு வர்றான், காடி அவனோடது, பக்கத்துல ஸ்கூல் கூட்டாளி ஒருத்தன். போலீஸ் ரோட் புளோக்ல ஐசி (அடையாள அட்டை) வாங்கிப் பார்த்தா கூட்டாளி மேல பழைய கேஸ்ல வாரண்ட் இருக்கு, தம்பிக்கு அது தெரியவே தெரியாது. அவன கைது பண்ணிட்டு காடிய சோதிச்சா கூட்டாளி உக்காந்த சீட்டுக்கு அடியில 'குட் மார்னிங்'னு சிவப்பு எழுத்து போட்ட துண்டுல சுத்தி ஒரு பிஸ்டல். துண்ட பிரிக்கும்போது தம்பி கண்ணுக்கு முதல்ல பட்டது துப்பாக்கி இல்லயாம், அந்த சிவப்பு எழுத்துதானாம். எங்க அப்பா கழுத்துல தினமும் கெடக்குமே அதே துண்டு.

விடியக்காலை வீட்டுக்கு கால். மறுநாள் மேஜிஸ்ட்ரேட் முன்னாடி லாக்கப் ஊதா சட்டை போட்டு கூட்டிட்டு வந்தாங்க, 7 நாள் ரிமாண்ட். அம்மா இடியாப்பம் கட்டி எடுத்துட்டு வந்து நிக்கிறாங்க, குடுக்க விடல, பையோட திரும்ப வந்துச்சு.

எல்லாத்தையும் விட மோசம் என்னன்னா முதல் நாள் ராத்திரி பயத்துல தம்பி தானா வாய விட்டது, "அவன் ஏதோ சுத்தி வச்சான், நான் என்னன்னு கேக்கல"ன்னு. உண்மைதான், ஆனா அந்த ஒரு வார்த்தைய பிடிச்சிக்கிட்டு பத்து நாள் திருப்பித் திருப்பி அதே கேள்விதான், வச்சத பார்த்தியா, பார்த்துட்டு ஏன் கேக்கல.

கோர்ட்டு வராண்டா:
அண்ணே, நான் கேஎல்ல (கோலாலம்பூர்) லாயர் ஆபீஸ்ல கிளார்க், ஜாலான் டூத்தா கோர்ட்டுக்கு பைல் தூக்கியே வயசாயிடுச்சு. அந்த வார்த்தைய ஏன் பிடிச்சாங்கன்னா, பொருள் உன் காடியில கெடந்தா மட்டும் 'வச்சிருந்தது' ஆகாது, உனக்குத் தெரிஞ்சிருக்கணும், உன் கட்டுப்பாட்டுல இருந்திருக்கணும். தெரியும்கிறதுக்கு உன் வாயே சாட்சி சொன்னா அப்புறம் லாயர் என்ன பண்ணுவாரு. கூட இருந்தவனுக்கும் தனி செக்ஷன் வேற இருக்கு, துப்பாக்கி இருக்கிறது இவனுக்குத் தெரிஞ்சிருக்கும்னு நெனைக்க நியாயம் இருந்தா அதுல இழுக்கலாம்.

நம்மாளுங்க ரெண்டு சட்டத்த போட்டு கொழப்பிக்கிறாங்க. 1960 ஆயுதச் சட்டம் 8ஆம் செக்ஷன்னா அதிகபட்சம் 7 வருஷம், இல்ல 10,000 ரிங்கிட் அபராதம், இல்ல ரெண்டும். 1971 சுடுகருவி கடுந்தண்டனைச் சட்டம்னா கதையே வேற, லைசன்ஸ் இல்லாம வச்சிருந்ததுக்கு 14 வருஷம் வரைக்கும், கூடவே குறைஞ்சது 6 ரோத்தான் (பிரம்படி). அதுல சார்ஜ் ஆனா ஜாமீனும் கெடையாது. ரிமாண்ட் 7 நாள் போட்டதும் இதனாலதான், 14 வருஷமும் அதுக்கு மேலயும் போற குற்றத்துக்கு முதல்ல 7 நாள், அப்புறம் இன்னொரு 7 நாள் கேக்கலாம், அதுக்குக் கீழன்னா முதல்ல 4, அப்புறம் 3தான். அந்த நாளக் கேட்டாலே எந்தச் சட்டத்துல விசாரிக்கிறாங்கன்னு நாங்க ஓரளவு ஊகிச்சிருவோம்.

லாயர் வெச்சீங்களா?

பாகான்காரன்:
மூணாவது நாள்தான் வெச்சோம். காசு இல்லன்னு அலைஞ்சிக்கிட்டு இருந்தோம், கோர்ட் வாசல்ல ஒரு அக்காதான் யயாசான் பந்துவான் குவாமான் கெபாங்சாஆன் (தேசிய சட்ட உதவி அறக்கட்டளை) பத்தி சொன்னாங்க, மலேசியக்காரங்களுக்கு ரிமாண்ட் நேரத்துல ஓசியிலயே லாயர் வருவாராம். வந்தவரு தம்பிகிட்ட சொன்னது, 112ஆம் செக்ஷன்ல போலீஸ் எடுக்கிற வாக்குமூலத்துல உன் மேலயே கேஸ் திரும்புற மாதிரி கேள்விக்குப் பதில் சொல்லணும்னு கட்டாயம் இல்ல, ஆனா சொல்றதுன்னா பொய் சொல்லாத. கைது பண்ண உடனே சொந்தக்காரங்களுக்கும் லாயருக்கும் கால் பண்ற உரிமை இருக்குன்னு அப்பதான் எங்களுக்கே தெரியும். இத முதல் ராத்திரி யாராவது சொல்லியிருந்தா.

நிபோங் தெபால் பேத்தி:
எங்க வீட்டுல போலீஸ் வரல, நாங்களே போனோம். தாத்தா எஸ்டேட்ல காட்டுப்பன்னி வெரட்ட செனாபாங் பாத்தா (மடக்கி தோட்டா போடுற வேட்டைத் துப்பாக்கி) வச்சிருந்தாரு, லைசன்ஸ் எல்லாம் சரியா ரெனியூ பண்ணுவாரு. செத்து நாலு மாசம் கழிச்சு அலமாரிய ஒதுங்க வைக்கும்போது வேட்டிகளுக்குப் பின்னாடி நிக்குது, கீழ மைலோ டின்னுல ஏழு தோட்டா. மாமா ஞாபகத்துக்கு இருக்கட்டும்கிறாரு! லைசன்ஸ் தாத்தா பேருக்கு, அவரோட அது போச்சு, இனி வீட்டுல வச்சிருந்தா லைசன்ஸ் இல்லாத துப்பாக்கிதானே, தோட்டாவும் அதே கணக்குதான். ஸ்டேசனுக்கு முதல்ல போன் போட்டு சொல்லிட்டு, இறப்புச் சான்றிதழும் பழைய லைசன்ஸும் எடுத்துட்டு போனோம். ஒரு பேச்சு பேசினாங்க, ஏன் இவ்ளோ லேட்டுன்னு. எழுதி வாங்கிட்டு அனுப்பிட்டாங்க. மாமா இன்னும் என்கூட முகம் குடுத்துப் பேசல.

பழைய பினாங்கு:
உங்க காலம் எவ்வளவோ பரவால்ல தம்பிங்களா. 1977ல இங்க பினாங்கு ஹைகோர்ட்ல ஒரு பையனுக்கு துப்பாக்கி வச்சிருந்ததுக்கே தூக்கு குடுத்தாங்க, பிடிபடும்போது 14 வயசு. அப்போ ஐஎஸ்ஏல (உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம்) அந்தக் குற்றத்துக்கு மரண தண்டனையத் தவிர வேற கெடையாது. கடைசியில பேரரசர் மன்னிப்புலதான் உயிர் தப்பினான். காப்பிக்கடையில அதே பேச்சுதான், நானும் அவன் வயசுக்குக் கொஞ்சம்தான் பெரியவன், எங்கம்மா அந்த மாசம் என்னை ராத்திரி வெளிய விடவே இல்ல. ஐஎஸ்ஏவ 2012ல எடுத்துட்டாங்க.

கோர்ட்டு வராண்டா:
ஐயா சொல்றது சரி. பாகான் அண்ணே, கடைசியில என்ன ஆச்சு, அத சொல்லலயே.

பாகான்காரன்:
பிஸ்டல்லயும் துண்டுலயும் டிஎன்ஏ எடுத்தாங்க, தம்பியோடது இல்ல. கூட்டாளியும் ரெண்டாவது ரிமாண்ட்ல என்னோடதுதான்னு ஒத்துக்கிட்டான், அதுக்கு மட்டும் அவனுக்கு நன்றி சொல்லணும். 12வது நாள் தம்பிய விட்டாங்க, இப்போ சாட்சி. கேஸ் ஓடிக்கிட்டே இருக்கு, தேதி மேல தேதி.

காடிதான் இன்னும் வரல. தடயப்பொருள்னு போலீஸ் காம்பவுண்டுல வெயில்ல நிக்குது, போன மாசம் வேலி வழியா எட்டிப் பார்த்தேன், நாலு டயரும் காத்து இல்ல, கண்ணாடி மேல பூனை படுத்திருக்கு. பேங்குக்கு மாசம் 612 ரிங்கிட் தம்பி இன்னமும் கட்டிக்கிட்டுதான் இருக்கான்.