'ஃபிளேம்புரூஃப்' மோட்டாருக்கு 'சுடரடங்கு உறை': ஒரு முன்மொழிவு

நண்பர்களுக்கு வணக்கம்.

பம்புப் பாதுகாப்புக் கையேட்டுக்கான சொற்பட்டியலில் 'ஃபிளேம்புரூஃப்' என்பதற்கு எதிரே 'தீப்பிடிக்காத' என்று இருக்கிறது. மாற்றாக 'தீப்புகா', 'சுடர்புகா' இரண்டும் வந்திருக்கின்றன. மூன்றுமே வேண்டாம் என்பது என் கருத்து. கையேட்டைப் படித்துவிட்டு ஸ்பானரைக் கையில் எடுப்பவரை இந்தச் சொற்கள் தப்பான வேலைக்குத் தள்ளிவிடும்.

எளிதில் தீப்பற்றும் ஆவி இருக்கும் இடங்களில் பம்பை ஓட்டுவதற்கென்றே செய்த இந்த 'ஃபிளேம்புரூஃப்' மோட்டாருக்குள் நடப்பது இதுதான். ஓடும்போது சூடேறி உள்ளிருக்கும் காற்று விரிந்து வெளியேறும். நிறுத்தியதும் ஆறி, வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். சுற்றிலும் பெட்ரோல் ஆவி இருந்தால் அதுவும் கூடவே போகும். உறை அதைத் தடுப்பதில்லை. தடுப்பதற்காக அது வடிவமைக்கப்படவும் இல்லை. உள்ளே ஒரு பொறி பறந்தால் ஆவி உள்ளேயே வெடிக்கும். அப்போது உறைக்கு இரண்டு வேலை. அழுத்தம் தாங்கி உடையாமல் நிற்க வேண்டும். மூடியும் உடலும் சேரும் இடுக்கு வழியே வெளிவரும் வாயு, வெளியிலுள்ள ஆவியைப் பற்றவைக்காத அளவுக்கு அந்த இடுக்கிலேயே சூடு தணிய வேண்டும்.

எவ்வளவு குறுகலான இடுக்கு? 25 மி.மீ. நீளமுள்ள சோதனை இடுக்கில் சுடர் தாண்டாத அதிகபட்ச இடைவெளி புரொப்பேனுக்கு 0.92 மி.மீ., எத்திலீனுக்கு 0.65, ஹைட்ரஜனுக்கு வெறும் 0.29. வாயுக்களை இரண்டு-ஏ, இரண்டு-பி, இரண்டு-சி என்று பிரித்திருப்பதற்கு இந்த அளவுகள் முக்கியமான அடிப்படை. மோட்டாரில் உண்மையில் விடும் இடைவெளி இதைவிடவும் குறைவு.

இப்போது 'சுடர்புகா' என்று படித்த ஒரு ஃபிட்டர், மோட்டாரில் மின்கம்பிகளை இணைக்கும் டெர்மினல் பாக்ஸைத் திறந்து மூடுகிறார் என்று வையுங்கள். மூடியைச் சுற்றி மயிரிழை இடைவெளி தெரிகிறது. 'புகா' என்றால் எதுவும் புகக் கூடாது, அவ்வளவுதானே? நடுவில் ஒரு ரப்பர் கேஸ்கட்டை வெட்டி வைத்து இறுக்கிவிடுகிறார். கைக்கு அடக்கமாக, பார்க்க நேர்த்தியாக இருக்கும். ஆனால் இரும்பு முகங்கள் இரண்டும் இனி ஒன்றையொன்று தொடாது. உள்ளே வெடித்தால் ரப்பர் பிய்த்துக்கொண்டு போகும். மிஞ்சுவது சுடர் தாராளமாகத் தாண்டும் சந்து. துரு எடுக்க உளியால் சுரண்டுவது, சேரும் முகத்தில் பெயின்ட் அடிப்பது, ஒரு போல்ட் தொலைந்தால் மீதியை மட்டும் முடுக்கி விடுவது எல்லாமே உறையைக் கெடுக்கிற வேலைகள். 'தீப்பிடிக்காத' என்பது இன்னும் மோசம். மோட்டார் எரியாது என்றுதான் யாருக்கும் படும்.

என் பரிந்துரை: சுடரடங்கு உறை, சுடரடங்கு மோட்டார்.

'அடங்கு' என்பதற்கு நம்மிடம் இரண்டு பொருளும் வழக்கில் உண்டு. பெட்டிக்குள் அடங்குவது ஒன்று, கோபம் அடங்குவது, காற்று அடங்குவது இன்னொன்று. உறைக்குள் நிற்பது, இடுக்கில் தணிவது என்று மேலே சொன்ன இரண்டும் ஒரே வினையில் வந்துவிடுகின்றன. 'சுடரடக்கி' என்று வைக்க வேண்டாம். அது ஒரு கருவியின் பெயராக ஒலிக்கும், குழாயில் பொருத்தும் ஃபிளேம் அரெஸ்டரோடு குழம்பும். அழுத்தம் தாங்குவது சொல்லிலேயே தெரிய வேண்டும் என்ற வாதத்திலும் நியாயம் இருக்கிறது; ஜெர்மானியர் அப்படித்தான் 'அழுத்தம் தாங்கும் உறை' என்ற பொருளில் பெயர் வைத்திருக்கிறார்கள். ஆனால் தமிழில் அப்படிச் சொன்னால் பாய்லரும் காற்றுச் சிலிண்டரும்தான் நினைவுக்கு வரும்.

அப்புறம் இன்னொன்று, எனக்கு இதுவே பெரிய கவலை. தொழிலில் 'ஃபிளேம்புரூஃப் பம்பு' என்று சர்வசாதாரணமாகச் சொல்கிறோம். கையேட்டில் 'சுடரடங்கு பம்பு' என்று ஓர் இடத்தில்கூட வரக் கூடாது. சுடர் அடங்குவது மோட்டாரின் உறைக்குள் மட்டுமே. பம்பில் மின்சாரமே இல்லாமல் தீ மூளலாம். திரவம் இல்லாமல் ஓடினால், சுழலும் தண்டு வழியே திரவம் ஒழுகாமல் தடுக்கும் மெக்கானிக்கல் சீலின் முகங்களுக்கு நடுவே இருக்கும் மெல்லிய திரவப் படலம் வற்றி, உரசியே சூடேறும். டெலிவரி வால்வை மூடிவைத்து ஓட்டினால் மோட்டாரின் சக்தியில் பெரும்பகுதி உள்ளே இருக்கும் திரவத்தைக் காய்ச்சுவதற்கே போகும். தேய்ந்த பேரிங், மோட்டாரையும் பம்பையும் இணைக்கும் கப்ளிங்கில் உரசும் காப்பு மூடி (கார்டு), இவையும் உண்டு. இதற்கெல்லாம் மின்சாரம் சாராத கருவிகளுக்கான ஐஎஸ்ஓ 80079-36 என்று தனித் தரநிலையே இருக்கிறது. வெப்ப வகுப்பும் அப்படித்தான். மோட்டாரில் டி4 என்று இருந்தால் அதன் மேற்பரப்பு 135 டிகிரி செல்சியஸைத் தாண்டாது, சரி. ஆனால் அது தள்ளுவது 160 டிகிரி எண்ணெய் என்றால் பம்பின் உடல் எப்படி டி4 ஆகும்?

திரவமில்லாமல் ஓடும் அந்த 'டிரை ரன்'னுக்கு வறட்டு ஓட்டம் போதும். வறட்டு இருமல் என்று பழகிய சொல்தான். யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

பட்டியலில் உள்ள 'வெடிப்புச் சூழல்' பற்றிச் சுருக்கமாக: வெடிப்பு நடந்துகொண்டிருக்கும் இடம் போல இருக்கிறது. காற்றோடு ஆவி குறிப்பிட்ட விகிதத்தில் கலந்து, பற்றவைத்தால் வெடிக்கும் நிலையில் இருப்பதைத்தான் சொல்ல வருகிறோம். 'வெடிக்கத்தக்க சூழல்' என்று வைக்கலாம். கொஞ்சம் நீளம்தான், ஆனால் தெளிவு.

பெயர்ப்பலகையில் பொறித்த குறிகளை மொழிபெயர்க்கவே வேண்டாம்; கையேட்டில் படிப்பதும் மோட்டாரில் பார்ப்பதும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கட்டும்.

மூடியும் உடலும் சேரும் அந்த இடுக்கைக் குறிக்கும் 'ஃபிளேம் பாத்'துக்கு மட்டும் எனக்கு இன்னும் சொல் அமையவில்லை. 'சுடர்ப்பாதை' என்றால் சுடருக்கு வழிவிடுவது போல இருக்கிறது. 'தணிப்பு இடுக்கு' என்று ஒன்று தோன்றுகிறது. உறையைக் கழற்றி மாட்டும் வேலையில் இருப்பவர்கள் அதைப் பேச்சில் என்னவென்று சொல்கிறார்கள் என்று தெரிந்தால் எழுதுங்கள். அதையே எடுத்துக்கொள்வோம்.