கிளப் கிளப்பாக அலையும் ஃபுட்பால் ஆட்டக்காரர்கள்: நேரில் பார்த்தவர்கள் எழுதுங்கள்

பெரியமேட்டுக்காரன்:
ரொம்ப நாளாக மனசில் கிடக்கிறது, எழுதிவிடுகிறேன். கொரோனாவுக்கு ரெண்டு வருஷம் முன்னால் சென்னை நேரு ஸ்டேடியம் பக்கம் ஒரு லாட்ஜில் எனக்கு ராத்திரி டியூட்டி. வடக்கே ஒரு கிளப்பில் சீசன் முடித்த ஒருத்தர் வந்து பதினொரு நாள் தங்கினார். கானாக்காரர், ஸ்ட்ரைக்கர். வயசு 31 என்றது பாஸ்போர்ட். மாடிப்படி ஏறும்போது முட்டி வேறு கணக்கு சொன்னது.

அவரிடம் ஒரு பள்ளிக்கூட நோட்டு இருந்தது. பக்கத்துக்கு ஒரு சிம் கார்டு, செல்லோடேப் போட்டு ஒட்டியிருப்பார். கீழே நாட்டின் பெயர்: மால்டா, ஓமன், வியட்நாம், பங்களாதேஷ். அதற்கும் கீழே ஒரு எண். போன் நம்பர் என்றுதான் நினைத்தேன். கேட்டால், அந்தந்த ஊர் கிளப் இன்னும் தரவேண்டிய பாக்கியாம்.

கிளம்புகிற அன்றைக்கு இந்திய சிம்மை நோட்டில் ஒட்டவில்லை. என்னிடம் கொடுத்தார், கூடவே ஆயிரம் ரூபாய். ரெண்டு மாசச் சம்பளம் வரவேண்டியிருக்கிறது, கிளப் கணக்குப்பிள்ளை இந்த நம்பருக்குத்தான் கூப்பிடுவார், கூப்பிட்டால் என் கானா நம்பரைச் சொல்லு என்றார். ஒரு பழைய பட்டன் போனில் போட்டு மேஜை டிராயரில் வைத்தேன். காசு இருக்கிறவரை ரீசார்ஜ் செய்தேன். அப்புறம் வேலை மாறிவிட்டேன். போன் அந்த டிராயரிலேயே இருந்துவிட்டது. இவ்வளவுதான். இந்த மாதிரி ஆட்களை வேறு யாராவது பார்த்திருக்கிறீர்களா?

பிடோக்_ரவி:
நான் சிங்கப்பூர். இங்கே நடந்த எஸ் லீக் ஃபுட்பால் போட்டியில் கெய்லாங் யுனைடெட் கிளப்புக்கு லூட்ஸ் ஃபானன்ஸ்டீல் என்று ஒரு ஜெர்மன் கோல்கீப்பர் ஆடினார். அப்போது நான் பாலிடெக்னிக் படித்துக்கொண்டிருந்தேன். அவர் பெயர் தெரியாதவர்களுக்கு: ஃபிஃபாவின் ஆறு கண்டக் கூட்டமைப்புகளிலும் புரொஃபெஷனலாக ஆடிய முதல் ஆள். மலேசியாவில் பினாங்கு, பின்லாந்து, நியூசிலாந்து, கனடா, அல்பேனியா, பிரேசில், நமீபியா என்று போய்க்கொண்டே இருந்தார்.

எனக்கு ஞாபகம் இருப்பது அவர் குரல்தான். கூட்டம் அதிகம் வராத மேட்ச், மழை வேறு. டிஃபென்ஸைப் பார்த்து அவர் போடும் சத்தம் மேல்வரிசை வரைக்கும் கேட்கும். பக்கத்தில் இருந்த அங்கிள், "இவன் பந்து பிடிக்க வந்தானா, மீன் விக்க வந்தானா?" என்றார். நான் வாய்விட்டுச் சிரித்தேன். கொஞ்ச நாளில் பேப்பரில் படம். மேட்ச் ஃபிக்ஸிங் வழக்கு, ஐந்து மாதத் தண்டனை. 101 நாள் உள்ளே இருந்தார். தான் ஒரு தப்பும் செய்யவில்லை என்றுதான் இன்றுவரை சொல்கிறார். அந்தச் சிரிப்பு ஏனோ எனக்குத் தொண்டையில் நின்றுவிட்டது.

வெளியே வந்து பிறகு இங்கிலாந்தில் பிராட்ஃபோர்ட் பார்க் அவென்யூவுக்கு ஆடினார். 2002 கிறிஸ்துமஸுக்கு மறுநாள் எதிரணி ஸ்ட்ரைக்கரோடு மோதி, மைதானத்திலேயே மூன்று முறை மூச்சு நின்றுபோனது. பிழைத்து எழுந்து, அதற்கப்புறமும் அத்தனை நாடு.

மிட்ஃபீல்டு_மாமா:
ரவி, தப்பா எடுத்துக்காதீங்க. ஆறு கண்டம் என்றால் கேட்க நன்றாக இருக்கிறது. ஒரு நல்ல கிளப் மூணு வருஷ ஒப்பந்தம் கொடுத்தால் எவன் அலைவான்? விலை போகாதவன்தான் ஊர் சுத்துகிறான். இதைப் போய்க் காவியம் மாதிரி எழுதுகிறீர்கள். சீசனுக்கு நாலு கிளப் மாறுகிறவனெல்லாம் இருக்கிறான்.

கலூர்_கேலரி:
மாமா, முதலில் கணக்கைச் சரிசெய்துகொள்ளுங்கள். ஒரு சீசனில் அதிகபட்சம் மூன்று கிளப்பில்தான் பதிவு செய்யலாம். அதிலும் பொதுவாக ரெண்டு கிளப்புக்குத்தான் மேட்ச் ஆடலாம். ஃபிஃபா விதி அது.

விலை போகாதவனா? உருகுவேயின் செபாஸ்தியான் அப்ரேயு தெரியுமா? 2010 உலகக் கோப்பை காலிறுதியில் கானாவுக்கு எதிராகக் கடைசி பெனால்டி. மொத்த நாடும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது நடுவில் மெதுவாகத் தூக்கிப் போட்டாரே, அவர்தான். சிலி நாட்டு ஆடாக்ஸ் இத்தாலியானோ அவருக்கு 26வது கிளப், கின்னஸில் ஏறியது. உலகக் கோப்பை அரையிறுதிக்கு ஒரு நாட்டைக் கொண்டுபோனவனை யாரும் வாங்கவில்லை என்றா சொல்கிறீர்கள்? சிலபேருக்குக் கால் தரிக்காது, அவ்வளவுதான்.

என் கதைக்கு வருகிறேன். நான் கோயம்புத்தூர், வேலைக்காகக் கொச்சியில் இருந்தேன். 2016 டிசம்பர் 18, ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) ஃபைனல், கொச்சி கலூர் ஸ்டேடியம். இயான் ஹியூம். எடின்பரோவில் பிறந்தவர், கனடாவுக்கு ஆடியவர், இங்கிலாந்தில் டிரான்மியர், லெஸ்டர், பார்ன்ஸ்லி என்று சுற்றியவர். 2008-ல் ஒரு முழங்கை பட்டு மண்டை ஓடு உடைந்தது. அந்த ஆபரேஷன் தழும்பு தலையின் ஓரத்தில் வளைந்து கிடக்கும், மொட்டையடித்தால் தூரத்திலிருந்தே தெரியும். 2014-ல் கேரளா பிளாஸ்டர்ஸுக்கு ஆடினபோது மொத்தக் கொச்சியும் அவரை "ஹியூமேட்டன்" என்றது. ஏட்டன் என்றால் அண்ணன்.

அந்த ஃபைனலில் அவர் கொல்கத்தா பக்கம். பெனால்டி ஷூட்அவுட்டில் அவர்களுடைய முதல் கிக்கே அவருடையது. பிளாஸ்டர்ஸ் கோல்கீப்பர் ஸ்டாக் தடுத்துவிட்டார். ஏட்டன் ஏட்டன் என்று கூப்பிட்ட அதே கேலரி போட்ட கூச்சல் இருக்கிறதே, காது அடைத்துப்போனது. நானும்தான் கத்தினேன். ரெண்டு வருஷம் முன்னால் அவர் ஜெர்சி போட்டுக்கொண்டு அதே வரிசையில் உட்கார்ந்திருந்தவன் நான். கடைசியில் 4-3, கோப்பை கொல்கத்தாவுக்கு. அடுத்த சீசன் அவர் திரும்பவும் பிளாஸ்டர்ஸுக்கே வந்தார். டெல்லியில் தலையில் கட்டுப் போட்டுக்கொண்டு ஹாட்ரிக் அடித்தார். நாங்கள் திரும்பவும் ஏட்டன் என்றோம். வெட்கமே இல்லை.

கூடலூர்_ஜான்:
நீங்கள் எல்லாம் ஸ்டேடியம் கதை சொல்கிறீர்கள். மலப்புறம் பக்கம் செவன்ஸ், அதாவது பக்கத்துக்கு ஏழு பேர் ஆடும் ஃபுட்பால், பார்த்திருக்கிறீர்களா? அறுப்பு முடிந்த வயலில் மூங்கில் கேலரி கட்டி, லைட் போட்டு ராத்திரி ஆடுவார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து வருகிற எல்லோரும் அங்கே "சுடானி"தான். ஐவரி கோஸ்ட்டா, லைபீரியாவா என்று யாரும் கேட்பதில்லை.

எங்கள் மாமா ஒரு டீமுக்கு வேன் ஓட்டினார். லீவில் நானும் கூடப் போவேன். ஒரு ராத்திரி ஆட்டம் முடிந்து கமிட்டிக்காரர் டார்ச் வெளிச்சத்தில் ஒருத்தருக்குக் காசு எண்ணிக்கொடுத்தார். கொடுத்த பிறகு திரும்ப வாங்கி ஒரு நோட்டை உருவிக்கொண்டார். "டேப்பு, ஐஸு" என்றார். கணுக்காலில் சுற்றின டேப்புக்குக் காசு. அந்த மனுஷன் ஒன்றும் பேசவில்லை. வேனில் ஏறி உட்கார்ந்து, அந்த டேப்பைப் பிய்க்காமல் நிதானமாகச் சுற்றிச் சுற்றி எடுத்து உருண்டையாக்கி பைக்குள் வைத்துக்கொண்டார். மறுநாள் வேறு ஊரில் மேட்ச். அதையே திரும்பச் சுற்றினாரா என்று தெரியாது, நான் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பிவிட்டேன்.

செகண்ட்_டிவிஷன்_கீப்பர்:
சென்னை லீக்கில் கொஞ்ச நாள் கோல் நின்றவன் நான். எங்கள் டீமில் இருந்த நைஜீரியக்காரர் ஒருத்தர் ஊருக்குப் போகும்போது தன் கிளவுஸைக் கொடுத்துவிட்டுப் போனார். என் கைக்கு ரெண்டு சைஸ் பெரிசு, இன்னும் வைத்திருக்கிறேன்.

ஆனால் பெரியமேட்டுக்காரரே, உங்கள் ஆள் செய்ததெல்லாம் தப்பு. கணக்குப்பிள்ளை கூப்பிடுவார் என்று யாராவது காத்திருப்பார்களா? ரெண்டு மாசச் சம்பளம் வராவிட்டால் கிளப்புக்கு எழுத்தில் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். குறைந்தது 15 நாள் கெடு. அதற்குள் வராவிட்டால் ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ள அவருக்கு உரிமை உண்டு. ஆட்டக்காரர்கள் கிளப் மாறுவதற்கான ஃபிஃபா விதிகளில் 2018-லிருந்து இது தெளிவாக இருக்கிறது. அப்புறம் ஃபிஃபாவிலேயே புகார் கொடுக்கலாம். வேறு நாட்டு ஆட்டக்காரர் என்பதால் அங்கே எடுத்துக்கொள்வார்கள், ஆட்டக்காரருக்குக் கட்டணமும் கிடையாது. தீர்ப்பு வந்தும் கிளப் காசு கொடுக்காவிட்டால் புது ஆட்களைப் பதிவு செய்யத் தடை விழும், மூன்று டிரான்ஸ்ஃபர் விண்டோ (ஆட்களைப் பதிவு செய்ய விடும் காலம்) வரைக்கும். ஆனால் இரண்டு வருஷத்துக்குள் புகார் போயாக வேண்டும், அதற்குமேல் எடுக்கமாட்டார்கள். ஒப்பந்தக் காப்பி, பேங்க் ஸ்டேட்மென்ட், வாட்ஸ்அப் பேச்சு எல்லாவற்றையும் மெயிலில் போட்டு வைக்க வேண்டும். ஏஜென்ட் கையில் மட்டும் பேப்பரை விடவே கூடாது. பேப்பரில் ஒரு சம்பளம், வாய்ப்பேச்சில் ஒரு சம்பளம் என்று சொன்னால் கையெழுத்தே போடக் கூடாது. இன்னொன்று, திரும்பிப் போகும் டிக்கெட்டை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் இப்படி லாட்ஜில்தான் கிடக்க வேண்டும்.

கூடலூர்_ஜான்:
சார், அவர் போய் எத்தனையோ வருஷம் ஆச்சு. செவன்ஸில் ஒப்பந்தமும் கிடையாது, காப்பியும் கிடையாது. டார்ச் லைட்தான் இருந்தது.

மிட்ஃபீல்டு_மாமா:
அப்ரேயு விஷயம் ஒத்துக்கொள்கிறேன். மற்றதில் என் கருத்து அப்படியே.

ஆனால் பெரியமேடு, நீங்கள் அந்த போனை எடுத்துக்கொண்டாவது போயிருக்கலாம். இருநூறு ரூபாய் ரீசார்ஜ்.

பெரியமேட்டுக்காரன்:
மாமா சொன்னது குத்திவிட்டது. அவர் கொடுத்த இந்திய சிம் நம்பர் இன்னும் என் போனில் "கானா" என்று இருக்கிறது. நேற்று ராத்திரி துணிந்து அடித்தேன்.

ரிங் போனது. ஒரு அம்மா எடுத்தார், திருப்பூர் பக்கமாம். ரீசார்ஜ் இல்லாமல் செத்த நம்பரை வேறு ஆளுக்குக் கொடுத்திருக்கிறார்கள். விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லி, "சிம் வாங்கின புதுசுல யாராச்சும் இங்கிலீஷ்ல பேசுனாங்களாம்மா?" என்று கேட்டேன்.

"எத்தனையோ பேரு இங்கிலீஷ்ல கூப்புடறாங்க கண்ணு. லோனு வேணுமாங்கறான், கார்டு வேணுமாங்கறான். காசு தர்றேன்னு எவனாச்சும் சொன்னாலே நான் கட் பண்ணிருவனுங்க."

சரிங்கம்மா என்று வைத்துவிட்டேன்.