மழையில் முன் கண்ணாடி மூடிக்கொள்கிறது: ஏசி போட்டால் சில நாள் தெளிகிறது, சில நாள் மோசமாகிறது

கேள்வி:
வணக்கம். ஹேட்ச்பேக் கார், மேனுவல் ஏசி. மழை வந்தால் முன் கண்ணாடி வெளுத்துப்போகிறது. சில நாள் ஏசி போட்ட இரண்டே நிமிடத்தில் தெளிந்துவிடும். சில நாள் அதே ஏசி போட்டால் இன்னும் மூடும். டேஷ்போர்டை ஒட்டிக் கீழே பட்டையாக ஆரம்பித்து மேலே ஏறுகிறது. துணியால் துடைத்தால் கோடு கோடாக நிற்கிறது. இரவில் எதிர் வண்டி விளக்கு பட்டால் கண்ணாடி முழுக்க ஒளி சிதறி, ஓரத்தில் நடப்பவர்கூடத் தெரிவதில்லை. வைப்பர் பிளேடு புதிது. எதைப் பார்க்க வேண்டும்?

பதில் 1:
நீங்கள் ஒன்று என்று நினைப்பது இரண்டு வேறு சிக்கல். அடுத்த முறை மூடும்போது வண்டியை ஓரங்கட்டிவிட்டு, கண்ணாடியின் உள்பக்கம் விரலால் ஒரு கோடு இழுங்கள். கோடு தெளிவாக விழுந்தால் ஈரம் உள்ளே. விழாவிட்டால் வெளியே. இரண்டுக்கும் வைத்தியம் நேர் எதிர். அதனால்தான் ஒரு நாள் பலித்தது மறுநாள் கெடுக்கிறது.

உள்ளே மூடினால்: மூச்சு, நனைந்த துணி, ஈர மேட் எல்லாம் காருக்குள் ஈரத்தை ஏற்றுகின்றன. அது குளிர்ந்த கண்ணாடியில் பட்டுப் படிகிறது. ஏசியைப் போட்டு, காற்றை டீஃபிராஸ்டுக்கு (முன் கண்ணாடியை நோக்கிக் காற்று வீசும் நிலை) திருப்பி, உள்சுழற்சியை (காருக்குள் இருக்கும் காற்றையே சுற்றவிடும் நிலை) அணைத்து வெளிக்காற்றுக்கு மாற்றுங்கள். வெப்பநிலை திருகியைச் சிவப்புப் பக்கம் நகர்த்துங்கள். ஏசியின் கூலிங் காயில் காற்றிலுள்ள ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும், சூடு கண்ணாடியை உலர்த்தும். ஏசியும் ஹீட்டரும் ஒன்றாக ஓடுவது தவறல்ல. உள்சுழற்சியிலேயே விட்டுவிடுவதுதான் பலர் செய்யும் தவறு.

வெளியே மூடினால்: குளிர்ந்த தண்ணீர் டம்ளரின் வெளிப்பக்கம் வியர்க்கிறதே, அதேதான். உள்ளே ஏசி கண்ணாடியைச் சில்லென்று ஆக்கிவிட்டது, வெளியே புழுக்கமான காற்று. வைப்பரை ஒரு தட்டுத் தட்டுங்கள். காற்றைக் கண்ணாடியிலிருந்து விலக்கி முகத்துக்கோ காலுக்கோ திருப்பி, குளிரைக் குறையுங்கள். நீங்கள் சொன்ன "கீழே பட்டையாக" என்பது இதன் அடையாளம். டீஃபிராஸ்ட் வாய் இருப்பது அங்கேதான், குளிர்காற்று முதலில் அந்த இடத்தைத்தான் அடிக்கிறது.

பதில் 2:
மேலே சொன்னது சரி. ஆனால் கோடு விழுவதும் இரவில் ஒளி சிதறுவதும் கண்ணாடியில் படிந்த எண்ணெய்ப் பிசுக்கால். வெயிலில் டேஷ்போர்டு பிளாஸ்டிக் கக்கும் ஆவியும், அதற்குப் போடும் பாலிஷும் கண்ணாடியின் உள்பக்கம் மெல்லிய படலமாக ஏறிவிடும். கையால் துடைப்பது பிசுக்கை இன்னும் கூட்டும்.

ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் காய்ச்சி வடித்த தண்ணீரும் சரிபாதி கலந்து, மைக்ரோஃபைபர் துணியில் தெளியுங்கள். நேரே கண்ணாடியில் தெளித்தால் டேஷ்போர்டில் வழியும். ஈரத்துணியால் துடைத்ததும் காய்ந்த துணியால் ஒரு முறை. உள்பக்கம் மேலிருந்து கீழாக, வெளிப்பக்கம் இடமிருந்து வலமாகத் துடையுங்கள். பிறகு ஒரு கோடு மிஞ்சினாலும் அது எந்தப் பக்கம் என்று அதன் திசையே சொல்லிவிடும். புது பிளேடாக இருந்தாலும் ரப்பர் விளிம்பை ஈரத்துணியால், கறுப்பு வருவது நிற்கும்வரை துடையுங்கள். ரப்பரில் டீசல், மண்ணெண்ணெய் வேண்டாம். ரப்பர் உப்பிக் கெட்டுவிடும்.

கேட்டவர்:
விரல் சோதனை செய்தேன். பகலில் வெளிப்பக்கம், இரவில் உள்பக்கம். இன்னொன்று: ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையின் மேட்டுக்கு அடியில் கார்பெட் ஈரமாக இருக்கிறது. நல்ல மழையில் 90 கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டியரிங் திடீரென்று லேசாகிறது. இதற்கும் தொடர்பு உண்டா?

பதில் 1:
கார்பெட்டுக்குத் தொடர்பு உண்டு. ஈரமான கார்பெட் இருக்கும்வரை கண்ணாடி தினமும் மூடும். மழை இல்லாத நாளில் ஏசியை 15 நிமிடம் ஓடவிட்டுக் காருக்கு அடியில் பாருங்கள். புழுக்கமான நாளில் தண்ணீர் சொட்ட வேண்டும். சொட்டாவிட்டால் ஏசி வடிகுழாய் அடைத்திருக்கிறது, தண்ணீர் உள்ளே திரும்புகிறது. நன்றாகச் சொட்டியும், மழைக்குப் பிறகு மட்டும் ஈரம் ஏறினால் முன் கண்ணாடிக்கு அடியிலுள்ள வடிகாலில் இலை சேர்ந்திருக்கும். ஈரம் பிசுபிசுப்பாக, இனிப்பு வாடையோடு இருந்தால் ஹீட்டர் கோர் (என்ஜினின் சூடான கூலண்ட் ஓடி, காருக்குள் சூடு தரும் பாகம்) கசிகிறது. என்ஜின் ஆறிய பிறகு கூலண்ட் அளவைப் பாருங்கள்.

பதில் 3:
ஸ்டியரிங் விஷயம் தனி, இதைத் தள்ளிப்போடாதீர்கள். டயர் தண்ணீரை ஒதுக்க முடியாமல் அதன் மேலேயே மிதக்கிறது. அப்போது பிரேக்கை மிதிக்காமல், ஸ்டியரிங்கைத் திருப்பாமல், ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை மெதுவாக எடுங்கள். டயர் தரையைப் பிடித்ததும் பிடி திரும்பும். மழையில் குரூஸ் கன்ட்ரோல் (வேகத்தைத் தானே ஒரே அளவில் வைத்திருக்கும் வசதி) வேண்டவே வேண்டாம். டயர் பள்ளத்தின் ஆழத்தை அளந்து பாருங்கள். 1.6 மில்லிமீட்டர் என்பது பல நாடுகளில் சட்டம் விதிக்கும் கடைசி எல்லை, மழைக்கு 3 மில்லிமீட்டருக்குக் கீழே போனாலே மாற்றுவது நல்லது. காற்று குறைந்த டயர் இன்னும் குறைந்த வேகத்திலேயே மிதக்கும். ஓட்டுநர் பக்கக் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் காற்றழுத்த அளவை, டயர் ஆறியிருக்கும்போது வையுங்கள். முன் வண்டிக்கு 4 வினாடி இடைவெளி விடுங்கள்.

கேட்டவர்:
ஏசி 20 நிமிடம் ஓடியும் கீழே ஒரு சொட்டுகூட இல்லை. டயர் பள்ளம் 2 மில்லிமீட்டர்.

பதில் 1:
அப்படியானால் வடிகுழாய்தான். வண்டிக்கு அடியில் குழாய் முனையில் மென்மையான மெல்லிய டியூபை விட்டு மெதுவாகக் கிளறுங்கள். கம்ப்ரஸர் காற்றை வேகமாக அடித்தால் உள்ளே குழாய் கழன்றுவிடும். அடைப்பு விட்டதும் தண்ணீர் மொத்தமாகக் கொட்டும், முகத்தை விலக்கிக்கொள்ளுங்கள். பிறகு கார்பெட்டைத் தூக்கி, அடியிலுள்ள பஞ்சைக் காயவையுங்கள். மேலே காய்ந்துவிட்டது என்று விட்டால் பஞ்சு பல நாள் ஈரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும்.

பதில் 3:
டயரை மாற்றும்வரை மழையில் 90 வேண்டாம்.