மாண்ட்கோமரி: பேருந்துப் பிரிவினையை உடைத்தது புறக்கணிப்பா, வழக்கா?

மழைக்காகம் கேட்டது:

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்து மாண்ட்கோமரி நகரில் நடந்த பேருந்துப் புறக்கணிப்பைப் பற்றிக் கொஞ்ச நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன், ஓரிடத்தில் வந்து சிக்கி நிற்கிறேன். எல்லோருக்கும் தெரிந்த கதை இது: பேருந்தில் வெள்ளையரையும் கறுப்பினத்தவரையும் பிரித்து உட்காரவைக்கும் பிரிவினைச் சட்டம் இருந்த அந்த ஊரில், 1955 டிசம்பர் 1 அன்று ரோசா பார்க்ஸ் என்ற கறுப்பினப் பெண் வெள்ளையருக்காக இருக்கையை விட்டு எழ மறுத்தார், கைதானார், அந்த ஊர்க் கறுப்பின மக்கள் 381 நாள் பேருந்தில் ஏறவில்லை, கடைசியில் ஜெயித்தார்கள். ஆனால் விவரமாகப் பார்த்தால், பிரிவினையை முடித்துவைத்தது உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, அதுவும் ரோசா பார்க்ஸ் பெயரே இல்லாத வேறொரு வழக்கில். அப்படியானால் அந்த நடைக்கெல்லாம் என்ன பலன்? வழக்கை மட்டும் போட்டுவிட்டு எல்லோரும் வழக்கம்போலப் பேருந்தில் போய்க்கொண்டிருந்தாலும் இதே தீர்ப்புதானே வந்திருக்கும்? யாருடைய தியாகத்தையும் குறைத்துப் பேசவில்லை. காலையில் நடந்து போய், நாள் முழுக்க அடுத்தவர் வீட்டில் துணி துவைத்து, தரை துடைத்துவிட்டு மறுபடி நடந்தே வீடு திரும்பிய பெண்களை நினைத்தால் மனம் கனக்கிறது. அதனாலேயே இதற்கு நேரான பதில் வேண்டும்.

நூலகப்புழு:

சட்டப் பக்கத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். பார்க்ஸுக்கு நகர நீதிமன்றம் போட்டது 10 டாலர் அபராதம், 4 டாலர் செலவுத்தொகை. அது குற்றவழக்கு என்பதால் மேல்முறையீடு அலபாமா மாநில நீதிமன்றங்கள் வழியாகத்தான் போயாக வேண்டும். அங்கே அதை வருடக்கணக்கில் இழுக்கலாம், சின்ன நுணுக்கம் ஒன்றைக் காட்டித் தள்ளியும் விடலாம், பிரிவினைச் சட்டம் செல்லுமா செல்லாதா என்ற கேள்விக்கே யாரும் வரமாட்டார்கள். ஃபிரெட் கிரே என்ற 25 வயது வழக்கறிஞர் இதைப் புரிந்துகொண்டு, 1956 பிப்ரவரி 1 அன்று ஃபெடரல் நீதிமன்றத்தில் தனியாக ஒரு சிவில் வழக்குப் போட்டார். அதுதான் பிரவுடர் எதிர் கேல். கேல் என்பவர் அந்த ஊர் மேயர். வழக்கில் கடைசிவரை நின்றவர்கள் நான்கு பெண்கள்: அரேலியா பிரவுடர், சூசி மெக்டொனால்ட், மேரி லூயிஸ் ஸ்மித், கிளாடெட் கோல்வின். நால்வரும் பார்க்ஸுக்கு முன்பே, அதே 1955இல், பேருந்தில் அவமானப்பட்டவர்கள். ஐந்தாவதாகச் சேர்ந்த ஒரு பெண் வந்த மிரட்டலில் விலகிக்கொண்டார்.

கோல்வினைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்லவேண்டும். மார்ச் மாதத்தில் எழ மறுத்துக் கைதானபோது அந்தப் பெண்ணுக்கு வயது 15. ஊர்த் தலைவர்கள் அவரை முன்னிறுத்தத் தயங்கினார்கள். சின்னப் பெண், ஏழைக் குடும்பம், பிறகு கர்ப்பமானதும் தயக்கம் இன்னும் கூடிவிட்டது. முகமாக வைத்துக்கொள்ள வேண்டாம் என்று ஒதுக்கப்பட்டவரைத்தான் பிறகு ஃபெடரல் நீதிமன்றத்தில் சாட்சிக் கூண்டில் ஏற்றினார்கள், அவரும் ஏறினார். நகரத்து வக்கீல் சுற்றிச் சுற்றி, உங்களுக்குத் தலைவர் யார், (புறக்கணிப்பை முன்னின்று நடத்திய பாதிரியார் மார்ட்டின் லூதர்) கிங்தானே என்று வரவழைக்கப் பார்த்தபோது, எங்களுக்கு நாங்களேதான் தலைவர் என்ற பொருளில் பதில் சொன்னார். அவருடைய இளம்பருவக் கைது ஆவணம் அழிக்கப்பட்டது 2021இல்தான். இந்த அநீதியை என்னால் சுலபமாகக் கடந்துபோக முடியவில்லை.

சரி, தீர்ப்பு. ஃபெடரல் நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகளில் இருவர் 1956 ஜூனில் பிரிவினை செல்லாது என்றார்கள். பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்று 1954இல் உச்ச நீதிமன்றம் சொன்ன நியாயம் பேருந்துக்கும் பொருந்தும் என்பதே சாரம். நவம்பர் 13 அன்று உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. ஆக, சட்டத்தை உடைத்தது வழக்குதான். அந்த அளவில் உங்கள் கேள்வி நியாயமானதே.

தெற்குவாசல்:

எனக்கு இதில் பாதிதான் உடன்பாடு. வழக்கையும் புறக்கணிப்பையும் இரண்டு தனித்தனி வண்டிகளாக நினைத்துக்கொண்டு எது முதலில் ஊர் போய்ச் சேர்ந்தது என்று பார்க்கிறோம், அங்கேதான் பிசகு.

முதல் வாரத்தில் அவர்கள் கேட்டது என்ன என்று பாருங்கள். பிரிவினையை ஒழி என்றே கேட்கவில்லை. ஓட்டுநர்கள் மரியாதையாகப் பேச வேண்டும். வெள்ளையர் முன்னாலிருந்தும் கறுப்பினத்தவர் பின்னாலிருந்தும் வந்த வரிசைப்படி உட்காரலாம், உட்கார்ந்தவரை எழுப்பக் கூடாது. கறுப்பினத்தவர் அதிகம் போகும் தடங்களில் கறுப்பின ஓட்டுநர்களையும் வேலைக்கு எடுக்க வேண்டும். அவ்வளவுதான். இந்த மிதமான கோரிக்கைக்கே நகர நிர்வாகம் மாட்டேன் என்றது. ஜனவரி 30 அன்று கிங் வீட்டில் குண்டு வீசினார்கள், மனைவியும் கைக்குழந்தையும் உள்ளே இருந்தார்கள். அதற்கு இரண்டு நாள் கழித்துத்தான் கிரே வழக்கைத் தாக்கல் செய்தார். இந்த இரண்டு மாதப் பிடிவாதத்தைப் பார்த்த பிறகுதான், பாதி நியாயம் கேட்டுப் பயனில்லை, முழுதாகவே கேட்போம் என்ற முடிவுக்கு ஊர் வந்தது. புறக்கணிப்பு இல்லாமல் நான்கு பெண்கள் அந்த ஊரில் மேயர்மேல் வழக்குப் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருக்க முடியுமா?

இன்னொன்று. தீர்ப்பு வந்தால் மட்டும் போதும் என்பவர்களுக்கு நான் ஐரீன் மார்கன் வழக்கைச் சொல்வேன். மாநிலம் விட்டு மாநிலம் போகும் பேருந்தில் பிரிவினையைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1946லேயே சொல்லிவிட்டது. தெற்கு மாநிலங்களில் யாரும் சட்டை செய்யவில்லை. 15 வருஷம் கழித்து, 1961இல், இளைஞர்கள் அதே உரிமைக்காகப் பேருந்தில் ஏறிப்போய் அலபாமாவில் அடி வாங்கினார்கள், அவர்கள் போன ஒரு பேருந்தையே வெள்ளையர் கும்பல் கொளுத்தியது. 1954 பள்ளித் தீர்ப்பும் அப்படித்தான்: பத்து வருஷம் ஆகியும் பழைய கூட்டமைப்பு மாநிலங்களில் (உள்நாட்டுப் போரின்போது பிரிந்துபோன தெற்கு மாநிலங்களில்) வெள்ளைப் பிள்ளைகளோடு சேர்ந்து படித்த கறுப்பினப் பிள்ளைகள் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. மாண்ட்கோமரியில் மட்டும் தீர்ப்பு கைக்கு வந்த மறுநாளே ஜனங்கள் முன்னிருக்கையில் போய் உட்கார்ந்தார்கள் என்றால், ஒரு வருஷமாக ஒன்றாக நின்று பழகிய ஊர் அங்கே தயாராக இருந்தது.

மழைக்காகம்:

மார்கன் வழக்கு எனக்குத் தெரியாது, நன்றி. ஆனால் ஒரு சந்தேகம் பாக்கி. பயணிகளில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர், அவர்கள் ஏறவில்லை என்றால் கம்பெனி நொடித்துப்போகும், அப்போது பணிந்துதானே ஆகவேண்டும்? ஒரு வருஷம் ஆகியும் ஏன் பணியவில்லை? அப்புறம், அத்தனை ஆயிரம் பேர் தினமும் வேலைக்கு எப்படிப் போனார்கள்?

படிக்கட்டு:

கம்பெனி பணிந்தது! இதை நிறையப் பேர் கவனிப்பதில்லை. பயணிகளில் நான்கில் மூன்று பங்கு போய்விட்டதால் ஜனவரியிலேயே கட்டணத்தை 10 சென்ட்டிலிருந்து 15 ஆக்கினார்கள், தடங்களைக் குறைத்தார்கள், ஒன்றும் எடுபடவில்லை. ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தென் கரோலினா வழக்கு ஒன்றில் போட்ட உத்தரவைப் பார்த்து, இனிமேல் பிரிவினையை அமல்படுத்த மாட்டோம் என்று கம்பெனியே அறிவித்தது. உடனே நகர நிர்வாகம் சொந்த ஊர்ப் பேருந்துக் கம்பெனிமேலேயே வழக்குப் போட்டு, பிரிவினையைத் தொடரச்சொல்லி மாநில நீதிமன்றத்தில் உத்தரவு வாங்கியது. பணத்துக்கு அடிபணிகிற இடம் பணிந்துவிட்டது, ஓட்டுக்கும் வெறுப்புக்கும் அடிபணிகிற இடம் பணியவில்லை. அங்கேதான் வழக்கு தேவைப்பட்டது.

போக்குவரத்துக்கு வருகிறேன். இதில் பெண்களின் பங்கை எத்தனை சொன்னாலும் தகும். ஜோ ஆன் ராபின்சன் என்ற கல்லூரி ஆசிரியை, பெண்கள் அரசியல் கழகத்தின் தலைவர், 1954 மே மாதமே மேயருக்குக் கடிதம் எழுதிப் புறக்கணிப்பு வரலாம் என்று எச்சரித்தவர். பார்க்ஸ் கைதான அன்று இரவு கல்லூரியில் உட்கார்ந்து பல்லாயிரம் நோட்டீஸ்களைச் சைக்ளோஸ்டைல் எடுத்து, விடிந்ததும் ஊர் முழுக்கச் சேர்த்தார். முதலில் கறுப்பின டாக்சிக்காரர்கள் பேருந்துக் கட்டணமான 10 சென்ட்டுக்கே ஆட்களை ஏற்றினார்கள். குறைந்தபட்சம் 45 சென்ட் வாங்கியே ஆகவேண்டும் என்ற விதியைக் காட்டிப் போலீஸ் அதை நிறுத்தியது. பிறகு சொந்தக் கார்கள், சுமார் 300, குறித்த இடங்களில் ஏற்றி இறக்கின. தேவாலயங்கள் பெயரில் ஸ்டேஷன் வேகன்கள் வாங்கினார்கள். உள்ளூரில் கார்களுக்கு இன்ஷூரன்ஸை ரத்து செய்தபோது லண்டன் லாயிட்ஸ் வரைக்கும் போய் ஏற்பாடு செய்தார்கள். ஜார்ஜியா கில்மோர் என்ற சமையல்காரப் பெண்மணி, வேறு சில பெண்களைச் சேர்த்துக்கொண்டு சாப்பாடும் கேக்கும் விற்று வாராவாரம் கூட்டத்தில் பணத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். கொடுத்தவர்கள் பெயர் தெரிந்தால் வேலை போய்விடும் என்பதால் எங்கிருந்து வந்த பணம் என்று கேட்டால் 'எங்கிருந்துமில்லை' என்பார்கள், குழுவுக்கும் அந்தப் பெயரே நிலைத்தது. வெளியூர்ச் சங்கங்கள், தேவாலயங்கள் அனுப்பிய பணமும் வந்தது, ஆனால் அடித்தளம் இதுதான்.

இந்தக் கார் ஏற்பாட்டை எப்படியாவது உடைத்துவிட வேண்டும் என்று நகரம் கடைசிவரை முயன்றது. பிப்ரவரியில், 1921ஆம் வருஷத்துப் புறக்கணிப்புத் தடைச் சட்டத்தைத் தூசி தட்டி எடுத்து 89 பேர்மேல் குற்றம் சாட்டினார்கள். நவம்பரில், கார் ஏற்பாட்டுக்கே தடையாணை கேட்டார்கள். அந்த விசாரணை நடந்த நாள் நவம்பர் 13. கிங் நீதிமன்றத்தில் உட்கார்ந்திருக்கும்போதுதான் உச்ச நீதிமன்றச் செய்தி வந்தது. அன்றைக்கே உள்ளூர் நீதிபதி தடையாணையும் கொடுத்தார். உச்ச நீதிமன்ற உத்தரவு எழுத்தில் மாண்ட்கோமரிக்கு வந்துசேர டிசம்பர் 20 ஆகிவிட்டது. இடையில் ஐந்து வாரம் அந்தக் கார்கள் இல்லை, ஜெயித்துவிட்டோம் என்று தெரிந்தும் ஒருவரும் பழைய விதிப்படி பேருந்தில் ஏறவில்லை, அக்கம்பக்கத்தார் துணையோடு சமாளித்தார்கள், நடந்தார்கள். வழக்கு மட்டும் போதும் என்று தோன்றும்போதெல்லாம் நான் இந்த ஐந்து வாரத்தைத்தான் எடுத்துப் பார்ப்பேன்.

நூலகப்புழு:

ஏப்ரல் விவகாரத்தை நான் சேர்த்திருக்க வேண்டும், நல்ல இடத்தில் வைத்தீர்கள். பின்கதையையும் சேர்த்துவிடுகிறேன், ஏனென்றால் வெற்றி என்று சொல்லி நிறுத்திவிட்டால் அந்த மக்கள் கொடுத்த விலை பாதி மறைந்துவிடும். டிசம்பர் கடைசியில் பேருந்துகள்மேல் துப்பாக்கியால் சுட்டார்கள், ஒரு கர்ப்பிணிக்கு இரண்டு காலிலும் குண்டு பாய்ந்தது. மாலை நேரப் பேருந்துகளைக் கொஞ்ச நாள் நிறுத்திவைத்தார்கள். 1957 ஜனவரி 10 அன்று நான்கு தேவாலயங்களிலும் இரண்டு பாதிரியார்கள் வீட்டிலும் குண்டு வெடித்தது. புறக்கணிப்பின்போது தையல் வேலையை இழந்த ரோசா பார்க்ஸ், அந்த ஊரில் பிழைக்க வழியில்லாமல் அதே 1957இல் கணவரோடும் தாயாரோடும் டெட்ராய்ட்டுக்குக் குடிபெயர்ந்தார். அதற்குப் பிறகும் பல வருஷம் வறுமைதான்.