வைர மோதிரம் மங்கிப்போய், கல்லும் சின்னதாகத் தெரிகிறது: கல்லை மாற்றாமல் எடுப்பாக்க வழி உண்டா?

மார்த்தாண்டம் மருமகள்:
வணக்கம். எனக்குக் கல்யாணத்தில் மாமியார் போட்ட வைர மோதிரம் இது. ஒற்றைக் கல், 30 சென்ட், 18 கேரட் மஞ்சள் தங்கம், கல்லைச் சுற்றித் தடியாக ஆறு கொக்கி. வாங்கிய புதிதில் கையை அசைத்தாலே மின்னும், இப்போது கண்ணாடித் துண்டு மாதிரி கிடக்கிறது. தேங்காய் துருவுவது, மீன் பொரிப்பது, பிள்ளைக்குத் தலையில் எண்ணெய் வைப்பது எல்லாம் மோதிரத்தோடுதான். அடுத்த மாதம் கொழுந்தனுக்குக் கல்யாணம், பெண் வீடு நெய்யாற்றின்கரை. அதற்குள் இதைக் கொஞ்சம் பெரிதாக, பளிச்சென்று காட்ட முடியுமா? பெரிய கல் வாங்க இப்போது வசதி இல்லை, அதோடு மாமியார் கையால் போட்ட கல்லை விட்டுக்கொடுக்கவும் மனசு வரவில்லை. கடையில் கேட்டால் பழையதைக் கொடுத்துப் புதுசு எடுங்கள் என்கிறார்கள்.

களியக்காவிளை அக்கா:
பற்பசை போட்டுப் பழைய பிரஷால் தேய்த்துப் பாரும்மா. எங்கள் வீட்டில் கொலுசு, மோதிரம் எல்லாவற்றுக்கும் அதுதான்.

ஆசாரி வீட்டுப் பிள்ளை:
அக்கா, தயவுசெய்து பற்பசை வேண்டாம். வைரத்துக்கு ஒன்றும் ஆகாது, ஆனால் பற்பசையில் இருக்கிற பொடி தங்கத்தில் கீறல் விழ வைக்கும், கொக்கியும் மழுங்கித் தேயும். அப்பா நாற்பது வருஷத்துக்கு மேலாகக் கல் பதிக்கிறவர், இப்படித் தேய்ந்து கல் ஆடுகிற மோதிரங்கள் பட்டறைக்கு வந்துகொண்டே இருக்கின்றன.

மைனி, முதலில் ஒரு விஷயம் பார்த்துச் சொல்லுங்கள். மோதிரத்தைத் திருப்பினால் கல்லின் அடிப்பக்கம் திறந்திருக்கிறதா, தகடு வைத்து மூடியிருக்கிறதா? இது தெரியாமல் தண்ணீரில் போடக் கூடாது. பழைய ஏழு கல் தோடு, பேசரி மூக்குத்தி மாதிரி பின்னால் மூடிக் கட்டியதில் தண்ணீர் உள்ளே போனால் அங்கேயே தங்கிவிடும், கல் இன்னும் மங்கும். அதை ஆசாரியிடம் கொடுத்துப் பிரித்துச் சுத்தம் செய்து மறுபடி கட்டுவதுதான் வழி.

மார்த்தாண்டம் மருமகள்:
மூடவில்லை. ஆனால் கீழே இருக்கிற ஓட்டை முழுக்கச் சாம்பல் நிறத்தில் ஏதோ அடைத்திருக்கிறது. ஊசியால் தொட்டால் மெழுகு போல வருகிறது.

ஆசாரி வீட்டுப் பிள்ளை:
அப்படியானால் பாதிப் பிரச்சினை அதுதான். ஊசியால் கிளறாதீர்கள்.

வைரத்துக்கு எண்ணெய் என்றால் ஒட்டிக்கொள்ளும், தண்ணீர் ஒட்டாது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் தென்னாப்பிரிக்காவின் கிம்பர்லி சுரங்கங்களில் கிரீஸ் தடவிய மேஜை மேல் கல்லும் மண்ணும் கலந்த தண்ணீரை ஓடவிட்டே வைரத்தைப் பிரித்தார்கள். மற்றக் கல்லெல்லாம் தண்ணீரோடு போய்விடும், வைரம் கிரீஸில் ஒட்டி நிற்கும். நம் ஊர்ச் சமையலுக்கும் தலைக்கும் தேங்காய் எண்ணெய்தானே, அது கல்லின் அடியில் போய் உட்கார்ந்து மாவையும் சோப்பையும் சேர்த்துப் பிடித்துக்கொள்கிறது.

மேலே துடைத்து என்ன பயன் என்றால், ஒன்றும் பெரிதாக இல்லை. வைரத்தின் மினுக்கம் அடிப்பட்டைகளில்தான் பிறக்கிறது. மேலே நுழைகிற வெளிச்சம் அடியில் இரண்டு பக்கமும் பட்டுத் திரும்பி மேலேயே வர வேண்டும். அந்தப் பட்டைகளில் அழுக்குப் படிந்தால் வெளிச்சம் அங்கேயே சிதறி வீணாகிவிடும். ஓரம் இருண்டுபோனால் கல்லும் சின்னதாகத் தெரியும்.

செய்ய வேண்டியது இதுதான். முதலில் மோதிரத்தைக் காதருகில் வைத்து விரலால் தட்டிப் பாருங்கள், கல் ஆடினால் லேசாகச் சத்தம் வரும், அப்போது கழுவாமல் நேரே பட்டறைக்குக் கொண்டு போங்கள். ஆடவில்லை என்றால் ஒரு கிண்ணத்தில் வெதுவெதுப்பான தண்ணீர், அதில் பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு, அரை மணி நேரம் ஊற விடுங்கள். அப்புறம் குழந்தைகளுக்கான மெல்லிய பல் பிரஷால் கீழ்ப்பக்கத்திலிருந்து மெதுவாகத் தேயுங்கள். எண்ணெய் கெட்டியாக இருந்தால் தண்ணீரை மாற்றி இன்னொரு தடவை. வாஷ்பேசினில் வேண்டாம், கிண்ணத்திலேயே அலசுங்கள். நூல் உதிராத பருத்தித் துணியில் ஒற்றி எடுங்கள்.

இன்னொன்று, கிணற்றில் பிளீச்சிங் பவுடர் போடும்போதும் அதை வைத்துக் குளியலறை கழுவும்போதும் மோதிரத்தைக் கழற்றி வைத்துவிடுங்கள். குளோரின், தங்கத்தோடு சேர்த்த மற்ற உலோகத்தை அரிக்கும், மெல்லிய கொக்கிதான் முதலில் பலவீனமாகும்.

பாறசாலைக்காரன்:
கல்லுக்கு அடியில் வெள்ளித்தாள் வைத்தால் நன்றாக மின்னும் என்று பாட்டி சொல்வார்கள், அதைச் செய்யலாமா?

ஆசாரி வீட்டுப் பிள்ளை:
மூடிக் கட்டிய நகையில் அந்தக் காலத்தில் அப்படிச் செய்வார்கள் அண்ணே, பட்டை சரியில்லாத கல்லுக்கு அது உதவியது. சரியாகப் பட்டை தீட்டிய கல்லுக்கு வேண்டாம். தினமும் கை நனைகிற மோதிரத்தில் தாள் கறுத்துப்போகும், அப்புறம் கல்லும் கறுப்பாகத் தெரியும்.

மார்த்தாண்டம் மருமகள்:
கழுவினேன். தண்ணீர் பால் மாதிரி ஆகிவிட்டது! தெருவிளக்கில் கையை ஆட்டிப் பார்த்தால் சிவப்பு, நீலம் எல்லாம் தெறிக்கிறது, மாமியாரே கையைப் பிடித்துப் பார்த்தார்கள். ரொம்ப நன்றி தம்பி. ஆனால் சின்னதாகத் தெரிவது அப்படியேதான் இருக்கிறது. வீட்டுக்காரர் ஒர்க்ஷாப்பில் இருக்கிற வெர்னியரால் அளந்தார், கல்லின் குறுக்களவு 4.3 மில்லி.

ஆசாரி வீட்டுப் பிள்ளை:
நல்ல செய்தி. வட்ட வடிவ 30 சென்ட் கல் கிட்டத்தட்ட 4.3 மில்லிதான் இருக்க வேண்டும், 4க்குப் பக்கம் வந்தால் எடை அடியில் ஆழமாகப் போய்விட்டது என்று அர்த்தம். உங்கள் கல்லில் குறையில்லை, கட்டியிருக்கிற விதத்தில்தான் குறை. தடியான ஆறு கொக்கி ஓரத்தைத் தின்கிறது, அதன் மஞ்சள் நிறமும் கல்லுக்குள் பிரதிபலித்து ஓரத்தைத் தங்கத்தோடு கலந்துவிடுகிறது.

கொக்கி இருக்கிற மேல்பகுதியை மட்டும் வெள்ளைத் தங்கத்தில் புதிதாகச் செய்து, கூரான மெல்லிய நான்கு கொக்கி வைக்கலாம். வளையத்தை மஞ்சளாகவே விடலாம், ஆனால் மெலியச் செய்யச் சொல்லுங்கள், வளையம் மெலிந்தால் கல் பெரிதாகத் தெரியும். 2 மில்லிக்குக் கீழே மட்டும் போக வேண்டாம், தேங்காய் துருவுகிற கைக்கு வளைந்துவிடும். இருக்கிற கொக்கிக்கே ரோடியம் என்கிற வெள்ளை உலோகப் பூச்சுப் போடலாம் என்று சிலர் சொல்வார்கள், அது தேய்ந்து மஞ்சள் வெளியே வரும், கல்யாணத்துக்கு மட்டும் என்றால் சரி.

தங்கக்கடை சேச்சி:
நான் திருவனந்தபுரத்தில் நகைக்கடையில் வேலை பார்க்கிறேன், வீடு களியக்காவிளை. கல்லைச் சுற்றிப் பொடி வைரம் பதிக்கிற ஹேலோ வைத்தால் வித்தியாசம் ரொம்பத் தெரியும். 4.3 மில்லிக் கல்லைச் சுற்றி 1.2 மில்லிக் கற்கள் வைத்தால் மொத்தம் 7 மில்லிக்குப் பக்கம் வரும். 1 கேரட், அதாவது 100 சென்ட், வட்டக் கல்லே 6.5 மில்லிதான்.

ஆனால் நிறம் பார்த்துக்கொள்ளுங்கள். நடுக்கல்லில் லேசாக மஞ்சள் இருந்து சுற்றிலும் தூய வெள்ளைக் கல் வைத்துவிட்டால், நடுக்கல் அழுக்காகத் தெரியும். சர்டிபிகேட்டில் நிறம் ஜே, கே என்று, அதாவது லேசான மஞ்சள் என்று இருந்தால் ஹேலோவும் வேண்டாம், வெள்ளைத் தங்கமும் வேண்டாம், மஞ்சள் தங்கத்திலேயே கொக்கியை மட்டும் மெலியச் செய்யுங்கள். பொடிக் கல் உதிரும் என்பதையும் மறக்காதீர்கள். தினமும் அடுப்படியில் நிற்கிற கைக்கு நான் ஹேலோ சொல்ல மாட்டேன்.

அப்புறம் வெளிச்சம். கடையில் மின்னியது பாதி ஸ்பாட் லைட்டால். இப்போது மண்டபங்களில் சீலிங் முழுக்க எல்இடி பேனல், அந்தப் பரவலான வெளிச்சத்தில் எந்த வைரமும் வெள்ளையாகத் தெரியுமே தவிரத் தெறிக்காது. விளக்கு தனித்தனிப் புள்ளியாக இருக்கிற இடத்தில், குத்துவிளக்கின் பக்கத்திலேயே, பாருங்கள்.

மார்த்தாண்டம் மருமகள்:
சர்டிபிகேட்டில் நிறம் ஜி என்று இருக்கிறது. அப்போது வெள்ளைத் தங்கத்தில் நான்கு கொக்கி, ஹேலோ வேண்டாம், சரிதானே? எங்கள் ஊர் ஆசாரியிடமே கொடுக்கலாமா? கல் மாறிப்போகுமோ என்று பயமாக இருக்கிறது.

தங்கக்கடை சேச்சி:
ஜி என்றால் வெள்ளைத் தங்கம் தாராளமாகப் பொருந்தும். கொடுப்பதற்கு முன்னால் 10 மடங்கு பெரிதாகக் காட்டும் லென்ஸில் கல்லுக்குள் இருக்கிற புள்ளி எங்கே என்று ஆசாரியோடு சேர்ந்து பார்த்து, போனில் படம் எடுத்து வையுங்கள். சர்டிபிகேட் எண்ணைக் கல்லின் இடுப்பு ஓரத்தில் லேசரால் எழுதியிருந்தால் அதையும் பாருங்கள். திரும்ப வாங்கும்போது அதே இடத்தில் அதே புள்ளி இருக்க வேண்டும்.

ரசீதில் தங்கத்தின் எடையும் கல்லின் எடையும் தனித்தனியாக வேண்டும் என்று கேளுங்கள். 30 சென்ட் என்பது 0.06 கிராம். மோதிரத்தை மொத்தமாக எடை போட்டால் அதைக் கழித்த பிறகுதான் தங்கக் கணக்கு, பழைய கொக்கியிலிருந்து எடுத்த தங்கத்தையும் எடை போட்டுக் கூலியில் கழிக்கச் சொல்லுங்கள்.