பழைய ஃபர்னஸையும் ஏசியையும் மாற்ற எவரை நம்புவது? (ஒன்ராறியோ)

கேள்வி: எஜாக்ஸ் வாசி

அனைவருக்கும் வணக்கம். எஜாக்ஸில் உள்ள எங்கள் இணைவீட்டின் எரிவாயு ஃபர்னஸும் (வீட்டைச் சூடாக்கும் கருவி) ஏசியும் வீடு கட்டியபோது பொருத்தப்பட்டவை. இரண்டுக்கும் இருபது வயது கடந்துவிட்டது. குளிர்காலம் தொடங்குமுன் இரண்டையும் மாற்ற எண்ணி மூன்று நிறுவனங்களிடம் விலை கேட்டோம். முதலாவது நிறுவனம் வீட்டுக்கு வராமலே, தொலைபேசியில் சதுர அடியை மட்டும் கேட்டுவிட்டு, 80,000 பி.ரி.யு. (மணிக்கான வெப்ப அலகு) ஃபர்னஸ் போதும் என்று விலை சொன்னது. இரண்டாவது நிறுவனத்திலிருந்து வந்தவர் ஃபர்னஸைத் திறந்து பார்த்து, உள்ளே வெப்பப் பரிமாற்றியில் (எரியும் வாயுவின் சூட்டைக் காற்றுக்கு மாற்றும் பாகம்) வெடிப்பு இருக்கிறது, கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுவாயு கசியக்கூடும் என்று சொல்லி, முற்பணம் இல்லாத மாத வாடகைத் திட்டம் ஒன்றில் அன்றே கையொப்பமிடும்படி வற்புறுத்தினார். மூன்றாமவர் எங்கள் உறவினருக்குத் தெரிந்தவர். பற்றுச்சீட்டு இல்லாமல் காசாகக் கொடுத்தால் 13 சதவீத வரி மிச்சமாகும் என்கிறார்.

விலைகளுக்கிடையில் ஆயிரக்கணக்கான டொலர் வித்தியாசம் இருப்பதால், எதை வைத்து ஒருவரை நம்புவது என்று எங்களுக்கு விளங்கவில்லை. இத்துறையை அறிந்தவர்கள் வழிகாட்டினால் பேருதவியாக இருக்கும்.

பதில்: குளிரூட்டித் தொழிலாளி

தம்பி, நான் இதே தொழிலில் இருப்பவன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் உங்கள் வேலையைக் கேட்கப்போவதில்லை. விலையைச் சொல்லுமுன் ஒருவர் உங்கள் வீட்டில் எவற்றை அளந்தார் என்பதுதான் அவரை எடைபோட நான் கைக்கொள்ளும் முதல் அளவுகோல்.

சதுர அடியை மட்டும் கேட்டு ஃபர்னஸின் அளவைச் சொல்பவர் ஊகிக்கிறார். ஒரு வீட்டுக்கு எவ்வளவு வெப்பம் தேவை என்பது அதன் சுவர்க் காப்பு, ஜன்னல்கள், காற்றுக் கசிவு, பக்கத்துச் சுவர் பொதுவானதா என்பன எல்லாவற்றையும் சேர்த்து, குளிர்காலத்தின் மிகக் குளிர்ந்த வேளைகளுக்காகக் கணக்கிடப்படுவது. கனடாவில் இதற்கென சி.எஸ்.ஏ. எஃப்280 என்ற முறையான கணக்கு இருக்கிறது. இணைவீடு என்றால் ஒரு பக்கச் சுவரில் வெப்ப இழப்பே கிடையாது. ஆகவே 80,000 பி.ரி.யு. உங்களுக்கு மிகையாக இருக்க நல்ல வாய்ப்புண்டு. பெரிய ஃபர்னஸ் சில நிமிடங்கள் எரிந்து அணைந்து மீண்டும் எரியும். மேல்மாடி அறை குளிர்ந்தே கிடக்கும். பாகங்களும் விரைவில் தேயும். ஏசி தேவைக்கு மிஞ்சிப் பெரிதாக இருந்தால் வீடு குளிரும், ஆனால் காற்றிலுள்ள ஈரம் இறங்காது. ஜூலை மாதத்தில் உடல் பிசுபிசுத்துக்கொண்டே இருக்கும். "பெரிதாகப் போட்டால் பிழையில்லை" என்று சொல்பவரை நான் வாசலோடு அனுப்பிவிடுவேன்.

அடுத்தது டக்ட், அதாவது காற்றை அறைகளுக்குக் கொண்டுசெல்லும் குழாய். ஒரு தொன் குளிரூட்டலுக்கு, அதாவது மணிக்கு 12,000 பி.ரி.யு.வுக்கு, நிமிடத்துக்கு ஏறத்தாழ 400 கன அடி காற்று ஓட வேண்டும். பழைய டக்டால் அவ்வளவு காற்றைக் கடத்த முடியுமா என்பதை அறிய, அதில் சிறு துளைகளிட்டு அழுத்தமானியால் அளப்பார்கள். சில நிமிட வேலைதான். ஆனால் செய்பவர்கள் குறைவு. கேட்டுப் பாருங்கள், கேட்டவுடன் அவர் முகம் போகும் போக்கே பாதி விடையைச் சொல்லிவிடும்.

உரிமப் பத்திரங்களைப் பொறுத்தவரை, எரிவாயு வேலை செய்யும் நிறுவனம் ரி.எஸ்.எஸ்.ஏ.யில் (ஒன்ராறியோவின் தொழில்நுட்பப் பாதுகாப்பு அமைப்பு) பதிவு செய்திருக்க வேண்டும். இதை அவர்களது இணையத்தளத்திலேயே நீங்கள் தேடிப் பார்க்கலாம். வேலைக்கு வருபவரிடம் ஜி1 அல்லது ஜி2 எனப்படும் எரிவாயுத் தொழில்நுட்பர் சான்றிதழ் இருக்க வேண்டும். ஜி3 மட்டும் உள்ளவர் மேற்பார்வையின்றித் தனியே வேலை செய்யக்கூடாது. ஏசிக்கு இது போதாது, 313ஏ அல்லது 313டி எனப்படும் குளிரூட்டித் தொழில் தகைமை தனியாகத் தேவை. மின்பெட்டியில் புதிய இணைப்புக் கொடுப்பதென்றால் உரிமம் பெற்ற மின் ஒப்பந்தக்காரரே அதைச் செய்ய வேண்டும். விற்க வருபவருக்கு இவற்றில் ஒன்றுகூட இல்லாமலிருக்கலாம், அது தவறல்ல. பொருத்த வருபவர் எவர் என்பதை மட்டும் முன்கூட்டியே கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

இனி அந்த வெடிப்புக் கதை. உடனடி ஆபத்து என்று ஒரு தொழில்நுட்பர் உண்மையில் கருதினால், அவர் அந்த இடத்திலேயே எரிவாயுவை மூடி, ஃபர்னஸில் சிவப்பு அட்டை தொங்கவிட்டு, எரிவாயு விநியோக நிறுவனத்துக்கும் அறிவிக்கக் கடமைப்பட்டவர். உடனடி ஆபத்தில்லாத குறையானால் அதைத் திருத்தக் காலக்கெடு குறித்து எழுதித் தர வேண்டும். உயிருக்கு ஆபத்து என்று சொல்லிவிட்டு, ஃபர்னஸை எரியவிட்டபடியே ஒப்பந்தத் தாளை நீட்டியவர், தன் பேச்சைத் தானே நம்பவில்லை என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். இருந்தாலும் இதை அலட்சியம் செய்யாதீர்கள். கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி இயங்குகிறதா என்று இன்றே பாருங்கள்; பதிவுள்ள வேறொரு நிறுவனத்தை, உங்களுக்கு எதையும் விற்காமல், பரிசோதனைக் கட்டணம் மட்டும் வாங்கிக்கொண்டு சோதிக்கச் சொல்லுங்கள். வெடிப்பு இருக்கிறதென்றால் புகைப்படம் தரச் சொல்லுங்கள். கருவி காட்டும் அளவீட்டையும் தரச் சொல்லுங்கள்.

பதில்: சட்ட அலுவலக எழுதுநர்

வாடகைத் திட்டம் பற்றி மட்டும் சொல்கிறேன். வீட்டு விற்பனைக் கோப்புகளில் இவ்வகை ஒப்பந்தங்கள் கடைசி வாரத்தில் தலைகாட்டி, கைமாற்றத்தையே சிக்கலாக்குவதைப் பார்த்திருக்கிறேன்.

ஃபர்னஸ், ஏசி, சுடுநீர்த் தொட்டி போன்றவற்றை, அழைக்காமல் வாசலுக்கு வந்து விற்பதையும் வாடகைக்கு விடுவதையும் ஒன்ராறியோ 2018 மார்ச் 1 முதல் தடை செய்திருக்கிறது. அப்படிச் செய்யப்பட்ட ஒப்பந்தம் செல்லாது. நீங்களே அழைத்து, வீட்டில் கையொப்பமிட்டிருந்தாலும், 10 நாட்களுக்குள் காரணம் கூறாமல் விலகிக்கொள்ளலாம். வாடகை நிறுவனங்கள் முன்பு காணிப் பதிவில் ‘நோசி’ எனப்படும் உரிமைக் குறிப்பை ஏற்றிவிட்டு, வீட்டை விற்கும்போது பெருந்தொகை கேட்டுவந்தன. நுகர்பொருள்களுக்கான அந்தப் பதிவை 2024 ஜூன் 6 முதல் சட்டம் நிறுத்தியதோடு, முன்பிருந்தவற்றையும் காலாவதியாக்கியது. பலரும் இத்துடன் தொல்லை ஒழிந்தது என்று எண்ணுகிறார்கள். பதிவு போனாலும் வாடகை ஒப்பந்தம் தானாக இல்லாமற்போவதில்லை. ஆகவே மாதக் கட்டணத்தைப் பார்க்காமல், ஒப்பந்தம் எத்தனை ஆண்டுகளுக்கு, கட்டணம் ஆண்டுதோறும் எவ்வளவு உயரும், இடையில் வாங்கி முடிக்க எவ்வளவு என்ற மூன்றையும் பார்த்து, மொத்தத் தொகையைக் கூட்டிப் பாருங்கள். கருவியின் விலையைப் போல் பல மடங்கு வந்தாலும் நான் வியக்கமாட்டேன்.

பதில்: மார்க்கம் அக்கா

தம்பி, உறவினர் சொன்னவரை ஒரேயடியாகத் தள்ளிவிட வேண்டாம் என்பது என் கருத்து. ஓரிருவர் நடத்தும் சிறு நிறுவனங்களில் உரிமையாளரே வந்து வேலை செய்வதால், விளம்பரத்துக்கு அள்ளி இறைக்கும் பெரிய நிறுவனங்களைவிடத் துப்புரவாகச் செய்பவர்கள் இருக்கிறார்கள். நம்மவர், தமிழில் பேசலாம், பழுது வந்தால் ஓடி வருவார் என்பதும் சிறு விடயமல்ல.

ஆனால் பற்றுச்சீட்டு இல்லாத வேலைக்கு மட்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள். மிச்சமாகும் வரியோடு உங்கள் உத்தரவாதமும் போய்விடும். பல தயாரிப்பாளர்கள் பொருத்திய 60 அல்லது 90 நாட்களுக்குள் கருவியைப் பதிவு செய்தால்தான் பாகங்களுக்குப் பத்தாண்டு உத்தரவாதம் தருகிறார்கள். நாளை கருவியின் மின்கட்டுப்பாட்டுப் பலகை எரிந்துபோனால், யார் எப்போது பொருத்தினார் என்பதற்குச் சான்று வேண்டும். கூலிக்கான உத்தரவாதமோ ஒப்பந்தக்காரருடையது. அது தாளில் இல்லையென்றால் எங்குமே இல்லை. முறையான பற்றுச்சீட்டும் பொறுப்புக் காப்புறுதிச் சான்றும் தருவீர்களா என்று அவரிடமே கேளுங்கள். தருகிறேன் என்றால், மற்றவர்களோடு அவரையும் வரிசையில் வையுங்கள். மறுத்தால், உறவினருக்காகத் தயங்க வேண்டியதில்லை.

கேள்வி கேட்டவர்: எஜாக்ஸ் வாசி

மூவருக்கும் மிக்க நன்றி. வாடகை ஒப்பந்தத்தில் நாங்கள் கையொப்பமிடவில்லை. தனிப் பரிசோதனைக்கு வேறொருவரை அழைத்திருக்கிறோம். ஒரு துணைக்கேள்வி: ஏசிக்குப் பதிலாக ஹீட் பம்ப் (வெளிக்காற்றிலிருந்து வெப்பத்தை எடுத்து வீட்டைச் சூடாக்கும் மின்கருவி) போடுங்கள், ஃபர்னஸே தேவையில்லை என்று ஒரு நண்பர் சொல்கிறார். இதை விலை கேட்கும்போது எப்படிச் சோதிப்பது?

பதில்: குளிரூட்டித் தொழிலாளி

ஹீட் பம்ப் நல்ல தெரிவுதான். ஏசி செய்யும் வேலையையும் அதுவே செய்துவிடும். ஆனால் வெளியே குளிர் கூடக் கூட அது தரும் வெப்பம் குறையும். எனவே விலை சொல்பவரிடம், பெட்டியில் எழுதியிருக்கும் அளவை அல்ல, மைனஸ் 15 பாகை செல்சியஸில் அந்தக் குறிப்பிட்ட மாதிரி எத்தனை பி.ரி.யு. தரும் என்று கேளுங்கள். தயாரிப்பாளரின் அட்டவணையில் அது இருக்கும். அதை உங்கள் வீட்டின் வெப்ப இழப்புக் கணக்கோடு பக்கத்தில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். மிச்சத்தை எது ஈடுசெய்யும், எரிவாயு ஃபர்னஸா மின்சூடாக்கியா என்பதையும், மின்சூடாக்கி என்றால் உங்கள் மின்பெட்டி 100 அம்பியரா 200 அம்பியரா என்பதையும் அவரே பார்த்துச் சொல்ல வேண்டும். நிலக்கீழ் அறைக்கு இறங்கி மின்பெட்டியைத் திறந்து பார்க்காமல் விலை எழுதினால், அந்தத் தாளை வாங்கவே வேண்டாம்.